மயிர்ப்புல்

புளூ ஹில், செயின்ட் ஹெலினா
6 பிப்ரவரி 1994

அன்புள்ள தம்பி எல்வினுக்கு,

அக்கா அடலின் எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். அசென்ஷன் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? விமானத்தளத்து மெஸ் சமையற்கட்டில் நின்று நின்று கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா? அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது. ஆனால் ஆடுகளைத் திறந்துவிடும்போது மட்டும் அந்த வலி எங்கே போகிறதோ தெரியவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. போன கப்பலில் இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மாள் வந்து இறங்கியிருக்கிறாள். மிஸ் ஹாலம் என்று பெயர். செடிகொடிகளைப் பற்றிப் படித்தவளாம். ஜேம்ஸ்டவுனில் இறங்கிய மறுநாளே நம் வீட்டுக்கு ஏறி வந்துவிட்டாள். நான் உருளைக்கிழங்குப் பாத்தியில் குனிந்திருந்தேன். "குட் மார்னிங்" என்றாள், பாத்தியை மிதித்துக்கொண்டே நேராகக் கடலுக்கு மேலே நிற்கிற மூக்குப்பாறைக்குப் போனாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. பனி மூடினால் இந்த ஊரில் பிறந்தவர்களே அந்தப் பக்கம் தட்டுத் தடுமாறிப் போவார்கள்.

கொஞ்ச நேரத்தில் பாறைப் பக்கமிருந்து ஒரு கத்தல். "விழுந்துட்டா போலிருக்கு, கயிறை எடு!" என்று அப்பா ஓடினார். நானும் ஓடினேன். போய்ப் பார்த்தால், விளிம்பில் மண்டிபோட்டு உட்கார்ந்து அழுகிறாள். எதற்கென்று நினைக்கிறாய்? பாறை இடுக்கில் கிழவன் தாடி மாதிரி தொங்குகிறதே மயிர்ப்புல், அதற்காக.

"இது உலகத்துல வேற எங்கயுமே கிடையாது. இந்தத் தீவுல மட்டும்தான். இங்கயும் ஒண்ணு ரெண்டுதான் மிஞ்சியிருக்கும்னு நினைச்சோம். இவ்வளவு இருக்கே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மயிர்ப்புல்லுக்கா அழுவுறே? இந்த ஊர்ல செத்தவனுக்கே இவ்வளவு அழமாட்டாங்களே."

நல்லவேளை, அப்பா பேசுகிற வேகத்துக்கு அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அப்பாவுக்கும் சந்தோஷம்தான்" என்று சொல்லி வைத்தேன்.

கப்பல் கிளம்புமுன் இதைத் தபாலில் சேர்க்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. அப்பா உனக்கு எதுவும் சொல்லச் சொல்லவில்லை. அது தெரிந்ததுதானே.

உன் அக்கா,
அடலின்


அசென்ஷன் தீவு
27 பிப்ரவரி 1994

அன்பு அக்காவுக்கு,

தம்பி எல்வின் எழுதுவது. நான் நல்ல சுகத்தோடு இருக்கிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ சுகமா? உன் கோழிகள் முட்டையிடுகின்றனவா? இங்கே எப்போதும்போலக் கரிக்கல்லும் காற்றும்தான். விமானத்தளத்துக்குப் புதிதாக ஒரு கூட்டம் வந்திருக்கிறது. காலையில் வறுத்த முட்டை, மத்தியானம் வறுத்த முட்டை என்று என் உயிரை வாங்குகிறார்கள். நம் ஊர் மீன் வடையை ஒருநாள் காரமாகப் போட்டேன். ஒருவன் கண்ணில் தண்ணீர் வந்து, என்மேல் புகார் கொடுக்கப்போகிறேன் என்றான்.

அந்த மிஸ் ஹாலம் அம்மாளைப் பற்றி எழுதியிருந்தாய். அக்கா, அவர்களிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள். பாத்தியை மிதித்தால் மிதித்துவிட்டுப் போகட்டும். கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடு. இங்கிலாந்தில் அவர்களுடைய வார்த்தைக்கு மதிப்புண்டு. இப்படிப்பட்டவர்கள் நம் வீட்டு வாசலுக்கு வருவது எத்தனை தடவை நடக்கும்?

பேச்சுவாக்கில் என்னைப் பற்றி ஏதாவது கேட்டார்களா? கேட்டால், நவம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது என்று சொல். நான் தோட்ட வேலையும் நன்றாகச் செய்வேன் என்பதையும் சொல். மறந்துவிடாதே.

பனிக்காலத்துக்கு முன் கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி,
எல்வின்


புளூ ஹில்
20 மார்ச் 1994

அன்புள்ள எல்வினுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மீதி நலமெல்லாம் அடுத்த முறை. இப்போது எனக்கு வயிறு எரிகிறது.

செடிகளைக் காப்பாற்ற ஜேம்ஸ்டவுனில் ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். ஆஷ்வெல் என்று ஓர் இங்கிலீஷ்காரர் அதற்குத் தலைவர். அவரும் மிஸ் ஹாலமும் வந்து ஒரு காகிதம் கொடுத்தார்கள். மூக்குப்பாறையும் அதற்கு மேலே உள்ள சரிவும் இனிமேல் பாதுகாக்கப்பட்ட இடமாம். சுற்றிலும் வேலி வரப்போகிறது. மே மாதம் பிறப்பதற்குள் நம் ஆடுகள் ஒன்றுவிடாமல் அங்கேயிருந்து இறங்க வேண்டுமாம். மயிர்ப்புல்லை ஆடு தின்றுவிடும் என்கிறார்கள்.

அப்பா அந்தக் காகிதத்தை வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு மடித்து ஆஷ்வெல்லின் கோட்டுப் பைக்குள்ளேயே திரும்பச் சொருகினார்.

"எங்க பாட்டன் காலத்துல இருந்து அங்க ஆடு மேயுது. புல்லும் இருக்குது. தின்னு தீர்த்திருந்தா இந்தம்மா எதைப் பாத்து அழுதாங்களாம்?"

ஆஷ்வெல் சிரித்தார். அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும். குழந்தை தப்பாக எழுத்துக் கூட்டினால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

எல்வின், அம்மா உயிரோடு இருந்த நாளிலிருந்து இந்த மேட்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் கேட்கிறோம். கம்பி இல்லை, குழாய் இல்லை, கப்பலில் இடமில்லை என்றார்கள். அம்மா கடைசி வரைக்கும் வாளி தூக்கினாள். வேலிக்கம்பி மட்டும் ஒரே கப்பலில் வந்து இறங்கிவிட்டது. சுருள் சுருளாக, பளபளவென்று. நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். நல்ல கம்பி. கூரைக்குக்கூட நமக்கு அப்படிப்பட்ட கம்பி கிடைத்ததில்லை.

நீ சொன்னதற்காக அவளுக்குச் சோறும் போட்டேன், பூசணிப் பணியாரமும் சுட்டுக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டாள். உன்னைப் பற்றி அவள் எதற்கு என்னிடம் கேட்க வேண்டும்? அவளுக்கு உன்னை எப்படித் தெரியும்? அதை எழுது. போன கடிதத்தில் அப்பாவுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை, அதையும் பார்த்தேன்.

அடலின்


அசென்ஷன்
10 ஏப்ரல் 1994

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் கிடைத்தது. கோபத்தில் இரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்ளாதே.

ஆடுகளைக் கீழே இறக்கிவிடுங்கள். அதுதான் நல்லது. கவர்ன்மென்ட்டோடு மோதி யார் ஜெயித்தார்கள்? அப்பா எதற்கெடுத்தாலும் பாட்டன் காலம் என்பார். பாட்டன் காலத்தில் பாட்டனுக்கே செருப்பில்லை. ஆட்டுக்குத்தான் எல்லாம், மனிதனுக்கு ஒன்றுமில்லை என்று எத்தனை நாளைக்கு இருப்பது?

மிஸ் ஹாலம் இங்கே தங்கித்தானே கப்பலேறினார்கள். மெஸ்ஸில் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

அவர்கள் எப்போது திரும்புகிறார்கள் என்று தெரிந்தால் உடனே எழுது.

எல்வின்


புளூ ஹில்
15 மே 1994

எல்வினுக்கு,

சுகம் விசாரித்து எழுத இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை.

அப்பா ஆடுகளை இறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாள் நெருங்க நெருங்க எனக்குத்தான் பயம். நானே மேலே போய், கூப்பிட்டதற்கு வந்ததையெல்லாம் ஓட்டிவந்து பட்டியில் கட்டினேன். அப்பாவின் செல்ல ஆடு ப்யூலாவும் அவளோடு திரிகிற நாலைந்தும் வரவில்லை. அவை பாறை முகத்திலேயே பிறந்து வளர்ந்தவை. கயிறு போட்டும் பிடிக்க முடியவில்லை. வேலியை அவற்றுக்கு வெளியே இழுத்துக் கட்டிவிட்டார்கள். அவை உள்ளே.

செவ்வாய்க்கிழமை காலையில் டெஸ்மண்ட் வந்தான், தோளில் துப்பாக்கியோடு. ஆமாம், நம் பெரியம்மா மகன் டெஸ்மண்ட்தான். கமிட்டியில் அவனுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினான்.

"சித்தப்பா, வீட்டுக்குள்ள போங்க. நீங்க பாக்க வேணாம்."

"நான் பாக்கக்கூடாதுன்னா எதுக்குடா சொல்ல வந்தே? ராத்திரியோட ராத்திரியா திருடன் மாதிரி சுட்டுட்டுப் போயிருக்கலாம்ல?"

"என் வேலை சித்தப்பா. மூணு பிள்ளைங்க இருக்கு."

"உன் பிள்ளைங்களை நான் கேட்டேனா? வா. எங்க நின்னா குறி நல்லா கிடைக்கும்னு காட்டறேன். ஒரே குண்டுல போகணும். துடிக்க விட்டே, உன்னைத் தள்ளி விட்டுருவேன்."

அவரே அவனை அழைத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். டெஸ்மண்ட் ஒவ்வொன்றாகச் சுட்டான். கடைசியாக ப்யூலா. அப்பாவின் குரல் கேட்டு இரண்டடி மேலே ஏறி வந்தாள். அதுவரை யார் கூப்பிட்டும் வராதவள். சுட்டதும் உருண்டு நேரே கடலில் போய் விழுந்தாள். கறியாகக்கூட யாருக்கும் ஆகவில்லை. டெஸ்மண்ட் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அப்பா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "இனிமே என் வாசல் மிதிக்காதே" என்றார்.

மறுநாள் மிஸ் ஹாலம் பிஸ்கட் டப்பாவோடு விடைபெற வந்தாள். அப்பா அடுப்புப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆடுகளுக்காக மிகவும் வருந்துகிறேன் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் உண்மையாகத்தான் வருந்தினாள். பிறகு சொன்னாள்:

"உங்க தம்பிக்குத்தான் நான் நன்றி சொல்லணும். மெஸ்ல அவர் படம் வரைஞ்சு, எந்த வீடு, எந்தப் பாத்தி, எந்தப் பாறைன்னு குறிச்சுக் கொடுக்கலேன்னா, இந்தப் புல்லை நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். சத்தமே இல்லாமல் வைத்தார். எழுந்து, பட்டியில் கட்டியிருந்த ஆடுகளையெல்லாம் அவிழ்த்து, பாதிரியாரின் நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

இதற்கு நீ என்ன பதில் எழுதப்போகிறாய்?

அடலின்


புளூ ஹில்
3 ஜூலை 1994

எல்வினுக்கு,

இரண்டு கப்பல் வந்து போய்விட்டது. அசென்ஷனிலிருந்து உறைந்த கோழி வந்தது. விமானத்தளத்தில் கழித்துப்போட்ட நாற்காலிகள் வந்தன. மாடி வீட்டு ஐவி அத்தைக்கு அவள் மகன் அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. உன் கடிதம் வரவில்லை.

அப்பா வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. கோயிலுக்கும் போவதில்லை. நான் கேட்டால் "ம்" என்கிறார். அவ்வளவுதான் பேச்சு.

நீ சுகமாக இருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் எழுது.

அடலின்


அசென்ஷன்
24 ஜூலை 1994

அக்காவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன்.

ஆமாம், நான்தான் வரைந்து கொடுத்தேன். இப்போது என்ன அதற்கு? அந்தப் பாறை என்ன நம் பெயரில் எழுதியா இருக்கிறது? வருஷத்துக்கு ஒருமுறை கீழே கவர்ன்மென்ட் ஆபீசுக்குப் போய், தொப்பியைக் கழற்றி நின்று வாங்குகிற மேய்ச்சல் அனுமதி. அவர்கள் கொடுத்தார்கள், அவர்களே எடுத்துக்கொண்டார்கள். நான் சொல்லாவிட்டால் இன்னொருவன் சொல்லியிருப்பான்.

அந்த அம்மாளுக்குக் காலை உணவு பரிமாறினேன். நம் தீவைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். மயிர்ப்புல் என்றதும் முள்கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. இங்கிலாந்தில் அவர்கள் வேலை செய்கிற தோட்டத்துக்கு ஆள் தேவைப்படும், எனக்காக எழுதிப் பார்க்கிறேன் என்று அவர்களாகவே சொன்னார்கள். நான் கெஞ்சவில்லை.

உனக்குத் தெரியும். நம் பாஸ்போர்ட்டில் பிரிட்டிஷ் என்று அச்சடித்திருக்கிறது. அதைக் காட்டி பிரிட்டனில் போய்க் குடியிருக்க முடியாது. சட்டத்தை மாற்றி நம்மை வெளியே நிறுத்தியாயிற்று. இந்த அசென்ஷனிலும் ஒப்பந்தம் முடிந்த மறுநாள் மூட்டை கட்ட வேண்டும். இங்கே பிறந்த குழந்தைக்கே இங்கே இருக்க உரிமையில்லை. நமக்கென்று இருப்பது ஒரே ஒரு பாறை, அதில் அப்பாவின் ஆடு.

ஜூன் மாதம் மிஸ் ஹாலம் இங்கே வந்து விமானம் ஏறினார்கள். சாமான் தூக்க ஆள் போதவில்லை என்று மெஸ்ஸிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே தொட்டித் தொட்டியாக நம் மயிர்ப்புல். மேலே நாலு முத்திரை, மூன்று கையெழுத்து, சிவப்பு மையில் "உயிருள்ளது, நிமிர்த்தி வைக்கவும்" என்று சீட்டு. அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப்போய் ஏற்றியவன் நான்தான், அக்கா. புல் போய்விட்டது. என்னைப் பற்றி எழுதியதற்குப் பதில் போன வாரம் வந்தது. வெளியாட்களை எடுக்க அனுமதியில்லையாம். மிகவும் வருந்துகிறார்களாம். நான் வெளியாள். புல் உள்ளாள்.

அப்பா கோபத்தில் இருக்கிறார் என்று எழுதுகிறாயே, எனக்குக் கோபம் வரக்கூடாதா? இங்கே வருமுன் அந்தச் சரிவு முடிகிற இடத்தில் வீடு கட்டிக்கொள்ள அப்பாவிடம் கொஞ்சம் இடம் கேட்டேன். தகரக் கொட்டகை போட்டாவது இருந்துகொள்கிறேன் என்றேன். "அப்போ ஆடு எங்கடா மேயும்?" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நீயும் பக்கத்தில்தான் நின்றாய், வாயைத் திறக்கவில்லை. நான் கப்பல் ஏறினேன். எனக்காகக் காத்திருந்தவள் ஜேம்ஸ்டவுன்காரனைக் கட்டிக்கொண்டாள்.

இதையெல்லாம் அவரிடம் படித்துக் காட்டினாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி.

எல்வின்


புளூ ஹில்
21 ஆகஸ்ட் 1994

எல்வினுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டேன். இங்கே எனக்கு இருமல். அப்பா அப்படியேதான் இருக்கிறார்.

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அவரிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். அந்தப் பெட்டியை நீ தூக்கினாய் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "மேல படி" என்றார். ஆடு எங்கே மேயும் என்ற இடம் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை என்கிறாய். சரி. இப்போது திறக்கிறேன். இங்கிலாந்துக்குப் போவதற்காகத்தான் அந்தப் படத்தை வரைந்தேன் என்பதுபோல எழுதியிருக்கிறாய். எனக்கு அது மட்டும்தான் என்று தோன்றவில்லை. அந்தச் சரிவில் உனக்கு இடமில்லை என்றால் ஆட்டுக்கும் இடம் இருக்கக்கூடாது என்று நினைத்தாய். நினைத்துத்தான் ஒவ்வொரு கோடாகப் போட்டாய். இல்லையென்று எழுது, நான் நம்பிவிடுகிறேன்.

இன்னொன்று கேள். இதைக் கேட்டால் நீ சிரிப்பாய், சிரிக்காதே. மிஸ் ஹாலம் போனபிறகு அந்த வேலிப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பூட்டு துருப்பிடித்துவிட்டது. போன வாரம் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். மேய்ச்சலுக்கென்று எந்தக் காலத்திலோ வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டார்களே, கிக்குயு புல், அது உள்ளே முழங்கால் உயரம் வளர்ந்து கிடக்கிறது. ஆடு இருந்தவரைக்கும் அது தலைதூக்கியதில்லை. இப்போது மெத்தை மாதிரி சரிவெல்லாம் மூடி, பாறை விளிம்புவரை வந்துவிட்டது. மயிர்ப்புல்லை அது அமுக்கிக்கொண்டு நிற்கிறது. கையை விட்டு விலக்கிப் பார்த்தேன். அடியில் வெளுத்துப் போயிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அந்தப் புல்மேல் எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. அந்த மயிர் இருந்தால் என்ன, போனால் என்ன என்று இருந்தவள்தான் நான். ஆனால் அதற்காகத்தானே ப்யூலாவைச் சுட்டார்கள்? அதற்காகத்தானே அப்பா மூலையில் உட்கார்ந்திருக்கிறார்? இப்போது அதுவும் செத்தால், எதற்காக எல்வின் இதெல்லாம்? ஒன்றுக்கும் இல்லையா?

கம்பியை அறுத்தேன். உள்ளே போனேன். மண்டிபோட்டு, வெறுங்கையால் கிக்குயுவைப் பிடுங்க ஆரம்பித்தேன். வேர் வேராக, கெட்ட வார்த்தை சொல்லிச் சொல்லிப் பிடுங்கினேன். ஒரு பிடி ஆஷ்வெல்லுக்கு. ஒரு பிடி அந்தச் சட்டத்துக்கு. உனக்கும் நிறையப் பிடி உண்டு. இருட்டும்வரை பிடுங்கினேன். மறுநாளும் போனேன். இன்றைக்கும் போகப்போகிறேன்.

அடலின்


அசென்ஷன்
18 செப்டம்பர் 1994

அக்காவுக்கு,

இருமலுக்கு மருந்து வைத்து அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மூடி போட்டது. படுக்கப்போகும்போது குடி.

உனக்கென்ன பைத்தியமா? பனியில் அந்த விளிம்பில் தனியாக மண்டிபோட்டுக்கொண்டா? கால் வழுக்கினால் கேட்க ஆள் உண்டா? இடுப்பில் கயிறு கட்டிக்கொள். பிடிபட்டால் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இல்லை என்று எழுதவில்லை, அதைப் பார்த்துக்கொள்.

மிஸ் ஹாலத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். என் வேலையைப் பற்றி ஒரு எழுத்துகூட அதில் இல்லை. நீங்கள் பூட்டிவிட்டுப் போன இடத்தில் உங்கள் புல் செத்துக்கொண்டிருக்கிறது, அதைப் பிடுங்கிக் காப்பாற்றுகிறவள் என் அக்கா, அவளுக்கு ஏதாவது ஆனால் உங்களைச் சும்மா விடமாட்டேன் என்று எழுதினேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. எழுதிவிட்டேன், எனக்கு அது போதும்.

நவம்பரில் இங்கே முடிகிறது. தெற்கே ஃபாக்லாந்துத் தீவுகளில் ஆள் எடுக்கிறார்களாம். அங்கே போகலாம் என்று இருக்கிறேன்.

அப்பா சாப்பிடுகிறாரா?

எல்வின்


புளூ ஹில்
30 அக்டோபர் 1994

எல்வினுக்கு,

மருந்து கிடைத்தது. கசப்பு. இருமல் நின்றுவிட்டது. அப்பா சாப்பிடுகிறார். நேற்று கறிச்சோறு இரண்டு தட்டு. எப்படி என்று சொல்கிறேன்.

நீ சொன்ன மாதிரியே பிடிபட்டேன். டெஸ்மண்ட்தான் பார்த்தான். பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டான், அவன் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கமிட்டியிலிருந்து, புளூ ஹில் மன்றத்தில் கூட்டம், வந்து பதில் சொல் என்று தகவல் வந்தது. போனேன். ஊரே வந்திருந்தது. ஐவி அத்தை பின்னல் ஊசியோடு முதல் வரிசையில். நான் கிளம்பும்போது அப்பா மூலையில்தான் உட்கார்ந்திருந்தார். கூட்டம் தொடங்கியபிறகு திரும்பிப் பார்த்தால், கோட்டு போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆஷ்வெல் என்னைப் பார்த்து ஆரம்பித்தார். "மிஸ் சிப்பியோ, அது பாதுகாக்கப்பட்ட இடம். நீங்க வேலியை வெட்டியிருக்கீங்க."

"வெட்டினேன்" என்றேன். "யாருகிட்ட இருந்து பாதுகாத்தீங்க? ஆட்டுகிட்ட இருந்தா, என்கிட்ட இருந்தா? கிக்குயுகிட்ட இருந்து ஏன் பாதுகாக்கல?"

"அதுக்கு நிபுணர்கள் வந்து பார்க்கணும். முறைன்னு ஒண்ணு இருக்கு."

"மே மாசத்துல இருந்து ஒரு நிபுணரும் வரல. புல்லுக்கு உங்க முறை தெரியுமா? அது பாட்டுக்குச் சாவுது."

"இப்படிச் சத்தம் போட்டீங்கன்னா பேச முடியாது."

அப்போதுதான் அப்பா எழுந்தார். மே மாதத்துக்குப் பிறகு நாலு பேர் நடுவில் அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

"ஐயா, என் ஆட்டைச் சுட்டீங்க. அதுங்க வாயால செஞ்ச வேலையை இப்போ என் பொண்ணு மண்டிபோட்டுக் கையால செய்யிறா. அவளையும் சுடுவீங்களா? சுடுறதுன்னா டெஸ்மண்ட் அங்கதான் நிக்கிறான். கூப்பிடுங்க."

கதவோரம் நின்ற டெஸ்மண்ட் தலையைக் குனிந்துகொண்டான். ஐவி அத்தைதான், "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்களேன், முறைப்படி" என்றாள். ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆஷ்வெல்லின் கழுத்தெல்லாம் சிவந்து போயிற்று. லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்திருப்பதாகவும், அதையும் வைத்து யோசிப்பதாகவும் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். கடிதம் யாருடையது என்று நான் கேட்கவில்லை. உனக்கே தெரியும்.

யோசித்து முடித்துவிட்டார்கள். மாதம் இரண்டு நாள், கமிட்டி ஆள் ஒருவர் மேற்பார்வையில், நான் உள்ளே போய்க் களை எடுக்கலாமாம். நான் தினமும் போகிறேன். மேற்பார்வைக்கு டெஸ்மண்டை அனுப்புகிறார்கள். அவனும் குனிந்து பிடுங்குகிறான். அப்பா இன்னும் அவனோடு பேசவில்லை. பேச வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, பேசுங்கள் என்றும் சொல்லவில்லை.

புல் எல்லாம் பிழைத்துவிட்டது என்று நினைக்காதே. சரிவில் இருந்ததில் பாதிக்குமேல் செத்துப்போயிற்று. பாறை முகத்தில், கிக்குயுவுக்கு வேர் பிடிக்க இடமில்லாத இடுக்குகளில் இருப்பது மட்டும் நன்றாக இருக்கிறது. மேலே இருப்பதில் சில கொத்து பூ விட்டிருக்கிறது. பூவென்றால் பெரிய பூ இல்லை, ஊதா நிறத்தில் புகை மாதிரி. ஆடு திரும்ப வராது என்கிறார்கள். ஆடு வேண்டும் என்று கேட்டு நான் இன்னொரு சண்டை தொடங்கியிருக்கிறேன். அது தனிக்கதை.

அப்பா இப்போது தினமும் மேலே வருகிறார். வேலிக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்கிறார். வெளியே கல்லில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேரையும் வேலை வாங்குகிறார். "அங்க விட்டுட்டே பாரு, குருடி!" என்று என்னை. டெஸ்மண்டுக்குக் கையைக் காட்டுவதோடு சரி. புல்லோடு மட்டும் நன்றாகப் பேசுகிறார். வந்ததும் முதல் வேலை, "என்ன மயிரே, சௌக்கியமா?" என்று கேட்பதுதான்.

நேற்று கறிச்சோறு சாப்பிடும்போது உன் செப்டம்பர் கடிதத்தை எடுத்துப் படித்தேன். "அப்பா சாப்பிடுகிறாரா" என்ற வரியை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். ஃபாக்லாந்து என்ற இடத்தில் கரண்டியைத் தட்டில் போட்டார். பதில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஏச்செல்லாம் சொல்லி முடித்தார், தெரியாதவையும் சில. நாய் என்றார், நன்றி கெட்டவன் என்றார், ஆட்டைக் கொன்றவன் என்றார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். பாதியில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தத் தாளை வாங்கிக் கசக்கி அடுப்பில் போட்டார்.

"இதெல்லாம் எழுதாதே. காகிதத்துல திட்டினா எனக்கு மனசு ஆறல. அடுத்த கப்பல்ல வரச் சொல்லு. நேர்ல நிக்க வெச்சுத் திட்டணும்" என்றார்.

நானும் உன்னை மன்னிக்கவில்லை. வா.

உன் அக்கா,
அடலின்